அங்கீகரிக்கப்பட்ட தப்பு

கிறிசாந்தோ மக்பனுவா ஓர் இங்கிலீஷ் வாத்தியார். பிலிப்பைன்ஸில் இலோய்லோவில் பிறந்தவன். வியட்நாமின் தென்பகுதியில், கான் தோ நகரத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷமாக வேலை பார்த்துவந்தான். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரைக்கும் வருத்தப்படுவார்கள். அந்தக் காவலாளி நல்ல மனிதர்.

வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று ஊரில் அவனைக் கேட்டார்கள். தொழில்தான். வருஷா வருஷம் ஒப்பந்தம் முடியும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், பட்டத்துக்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை அசல்தான் என்று சொல்ல இன்னொரு முத்திரை. இவ்வளவையும் வாங்கி முடிப்பதற்குள் அடுத்த வருஷம் வந்துவிடும். இதற்கு நடுவே வகுப்புக்கும் போக வேண்டும்.

மனைவி மரிவிக்கையும் மகள் லிகாயாவையும் ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். விட்டு வரும்போது மகளுக்கு மூன்று வயது, இப்போது ஒன்பது. தினமும் சாயந்தரம் ஐந்தரை மணிக்குப் போனில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பான். அவன் கேட்பான், அவள் பட்டென்று பதில் சொல்வாள். ஆறு வருஷத்தில் தன்னிடம் உருப்படியாக இங்கிலீஷ் கற்றுக்கொண்ட ஒரே பிள்ளை இவள்தானோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெளியே சொன்னதில்லை.

புத்தாண்டு விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை தலைமையாசிரியை தியெப் அம்மையார் அவனைக் கூப்பிட்டனுப்பினார். இந்த வருஷம் ஒரு வெளிநாட்டு ஆசிரியருக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் தருவதாகப் பள்ளி முடிவு செய்திருக்கிறது என்றார். பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வீடும் உண்டு, குடும்பத்தைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. கிறிசாந்தோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். குடும்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் நுனியிலிருந்தும் கொஞ்சம் நழுவினான்.

"ஒரே ஒரு நிபந்தனைதான் சார்," என்றார் அம்மையார். "மாதிரி வகுப்பு. மாகாணத்திலேருந்து ஒரு குழு வருது. நாப்பது நிமிஷம் பின்னாடி உக்காந்து பார்ப்பாங்க. மிகச் சிறப்புன்னு போட்டாங்கன்னா வீடு உங்களுக்கு. வெறும் சிறப்புன்னு போட்டாங்கன்னா..."

மீதியைச் சொல்லாமல் மேசைமேல் இருந்த பூஜாடியை நகர்த்தி வைத்தார். வெறும் சிறப்பு வாங்கியவர்களைப் பற்றி அந்தப் பள்ளியில் யாரும் பேசுவதில்லை.

தினமும் நடத்துவதுபோலவே அன்றைக்கும் நடத்திவிடுகிறேன் என்று கிறிசாந்தோ வாக்குக் கொடுத்தான். அம்மையார் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"சார், பிள்ளைங்க கத்துக்கிட்டாங்களான்னு யாராலயும் கண்ணால பார்க்க முடியாது. அது மண்டைக்குள்ள நடக்குற விஷயம். கத்துக்கொடுக்கறதத்தான் பார்க்க முடியும். பார்க்க முடியறத நாம சுத்தமா வெச்சுக்குவோம். பார்க்க முடியாதத ஆண்டவன் பார்த்துக்குவான்."

இருபது வருஷத் தலைமைப் பொறுப்பில் அவர் சொன்னவற்றிலேயே இதுதான் மிக நேர்மையான பேச்சு. அவருக்கே அது தெரியாது.

மறுநாள் துணைத் தலைமையாசிரியர் குவோக் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தொன்பது பக்கம். முதல் பக்கத்தில் 'பாடம்: பிராணிகள் எங்கே வாழும். வகுப்பு: நாலு ஆ. தன்னிச்சையான கலந்துரையாடல்' என்று எழுதியிருந்தது. அடுத்த பதினெட்டுப் பக்கங்களில் அந்தத் தன்னிச்சையான கலந்துரையாடல் நிமிஷக் கணக்கோடு இருந்தது. நாலாவது நிமிஷம் ஆசிரியர் ஆச்சரியப்பட வேண்டும். பதினோராவது நிமிஷம் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்பாள். கேள்வியும் எழுதியிருந்தது, அதற்கு ஆசிரியர் எத்தனை நொடி யோசிக்க வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. இருபத்து மூன்றாவது நிமிஷம் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே போடுவார், வகுப்பு இயல்பாகச் சிரிக்கும்.

எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்று கிறிசாந்தோ வேடிக்கையாகக் கேட்டான். குவோக் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அது எழுதப்படவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து 'ஆறு நொடி' என்று சேர்த்து, தவறைச் சுட்டிக்காட்டியதற்காக அவனுக்கு நன்றி சொன்னார்.

ஒத்திகை தொடங்கியது. நாலு ஆவில் நாற்பத்தைந்து பிள்ளைகள். முதல் வேலையாக அதில் பதினாலு பேரைப் பிரித்து எடுத்தார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள் என்று யாரும் சொல்லவில்லை. 'சிறப்பு வாசிப்புத் திட்டம்' என்று பெயர் வைத்து நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு வாத்தியார் கிடையாது. இரண்டு வாரத்தில் நூலகரிடமிருந்து புகார் வந்தது, பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துப் படிக்கிறார்கள் என்று. குவோக் ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்து அலமாரியைப் பூட்டச் சொன்னார்.

மீதி முப்பத்தொரு பேருக்கும் கை தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் எதைக் கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைக் கூப்பிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் தெரிந்ததாகத் தோன்றும். கிறிசாந்தோ ஆறு வருஷம் இந்த நாட்டில் இருந்தவன், இது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் ஒருநாள் உண்மையாகவே எத்தனை பேருக்குத் தெரியும் என்று பார்க்கும் ஆசையில் எண்ணிப் பார்த்தான். இடது கை இருபத்தாறு இருந்தது. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

மாகாணக் குழுவுக்குப் பதிலாக ஒரு ஒத்திகைக் குழுவும் அமைத்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் லுக் தலைவர், சமையல்கார அம்மாள் ஒருவர், கணக்கர், இரண்டு ஆயாக்கள். பின்னால் சிவப்பு நாற்காலிகள், மேசை விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், நடுவில் ஒரு தட்டு ரம்புத்தான் பழம். லுக் முதல் நாள் விசில் மாட்டிக்கொண்டு வந்து கூச்சத்தோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாரத்தில் பாதி வகுப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கற்றுக்கொண்டார், அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. எத்தனை தடவை நடத்தினாலும் அவர் 'நன்று' என்பதற்கு மேல் போடவே மாட்டார்.

"ஆழம் பத்தல," என்பார்.

எந்த இடத்தில் ஆழம் பற்றவில்லை என்று கிறிசாந்தோ கேட்டான். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் வளர்ச்சி என்று லுக் சொல்லிவிட்டார். சமையல்கார அம்மாள் மட்டும் பாடம் நன்றாக இருந்தது, பிள்ளைகள் வெயிலில் வாடிப்போயிருக்கிறார்கள், கரும்புச் சாறாவது வாங்கிக் கொடுங்கள் என்று எழுதினார். அந்தக் கருத்தை நீக்கிவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேல் பெரிய தலைவலி ஏழாம் கட்டம். மதிப்பீட்டுப் படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள், அதில் ஏழாவது 'மாணவரின் பிழையைப் பொறுமையுடன் திருத்தும் திறன்'. ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் பிழையே செய்யாவிட்டால் ஏழாம் கட்டம் காலியாகிவிடும், காலிக் கட்டம் இருந்தால் மிகச் சிறப்பு கிடையாது. ஆகவே பாடத்தில் ஒரு தப்பு நடந்தே ஆக வேண்டும். அதற்குக் குவோக் இருபத்தெட்டாவது நிமிஷத்தை ஒதுக்கியிருந்தார். மீன் எங்கே வாழும் என்று ஆசிரியர் கேட்பார். மரத்தில் என்று பிள்ளை சொல்லும். இல்லை, மறுபடியும் யோசி என்று ஆசிரியர் புன்னகையோடு சொல்வார். பிள்ளை மூன்று நொடி யோசித்துத் தண்ணீரில் என்று சொல்லும். அருமை என்பார் ஆசிரியர். வகுப்பு கைதட்டும்.

முதலில் இந்த வேலையைத் தோவான் என்ற பையனிடம் கொடுத்தார்கள். எப்படியும் தப்பாகத்தானே சொல்வான் என்று நம்பினார்கள். அவனும் தப்பாகத்தான் சொன்னான், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு தப்பு. மீன் எங்கே வாழும் என்றதற்கு ஒருநாள் 'நேற்று' என்றான். இன்னொரு நாள் 'எனக்கு ஒன்பது வயது' என்றான். திட்டத்தில் இல்லாத தப்பு செய்கிற பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனையும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, தப்பை வகுப்பின் முதல் மாணவன் காங்கிடம் ஒப்படைத்தார்கள். காங் அச்சுப்பிசகாமல் தப்பு செய்தான்.

காங்கின் அம்மா மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டாள். முதல் ராங்க் வாங்குகிற பிள்ளை மாகாணத்தார் முன்னால் மீன் மரத்தில் இருக்கிறது என்று உளறுவதா, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று சண்டை பிடித்தாள். அம்மையார் அவளை உட்காரவைத்து, பொறுப்பான தப்பைப் பொறுப்பான பிள்ளையிடம்தான் கொடுக்க முடியும் என்று விளக்கினார். கடைசியில் காங்குக்குச் சிறந்த பிழைக்கான சான்றிதழ் ஒன்று தருவதாகச் சமாதானம் ஆயிற்று. சட்டம் போட்டுத் தருகிறோம் என்று குவோக் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சிக்கல் தீர்ந்ததும் வேறொன்று முளைத்தது. லுக்தான் கிளப்பினார். இந்தப் பக்கத்து வாய்க்கால்களில் பனையேறிக் கெண்டை உண்டு, மழைக்காலத்தில் அது தரையில் நடந்து மரத்தடிவரை போவதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆகவே மீன் மரத்தில் வாழும் என்பது முழுத் தப்பு ஆகாது என்றார். இதற்காக ஒரு கூட்டம் கூட்டினார்கள். இரண்டு மணி நேரம் நடந்தது. பாதித் தப்புக்கு இரண்டரை மதிப்பெண்தான் கிடைக்கும் என்று கணக்கர் எச்சரித்தார். இறுதியில் மீன் என்பதைத் தங்கமீன் என்று திருத்துவதாகவும், தங்கமீன் மரம் ஏறுவதில்லை என்று உயிரியல் ஆசிரியரிடம் எழுதி வாங்கிக் கோப்பில் வைப்பதாகவும் தீர்மானம் நிறைவேறியது. கிறிசாந்தோவும் கையெழுத்துப் போட்டான்.

இப்படியே ஏழு வாரம். வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை. முப்பதாவது ஒத்திகை முடிந்த அன்று, மனசு கேட்காமல், ஒரு சின்னப் பெண்ணிடம் உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. அந்தப் பெண் எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, கணீரென்று 'குகையில்' என்றாள். பாவம், அவளுடைய பிராணி கரடி. குவோக் பின்னாலிருந்து ஓடிவந்து, நோட்டில் இல்லாததையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள், பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா என்று கடிந்துகொண்டார். கிறிசாந்தோ மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு அறை வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது, வெட்கம் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

மாதிரி வகுப்புக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மரிவிக்கும் லிகாயாவும் வந்து இறங்கினார்கள். பார்வையாளர்களாகத்தான் வந்தார்கள். இருபத்தொரு நாள் இருக்கலாம், திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மிகச் சிறப்பு வந்தால் அந்த டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். விமான நிலையத்தில் லிகாயா அவனைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. போனில் தெரியும் முகம் இவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஒட்டிக்கொண்டாள். ஒட்டியவள் பிறகு கழுத்தை விடவே இல்லை. அப்பா தாடையில் இருக்கிற தழும்பு போனில் தெரியவே தெரியாதாம், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போகும் தேதியைக் காலண்டரில் பார்த்துவிட்டு, தேர்வு எழுதப்போவது அப்பாவா, அப்பா நன்றாகப் படித்தாயிற்றா என்று தினமும் விசாரித்தாள்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் காங்குக்கு அம்மைக்கட்டு வந்துவிட்டது. கன்னம் இரண்டும் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. தப்பு அனாதையாக நின்றது. அம்மையார் ஊதுபத்தி ஏற்றினார். குவோக் வேறு மூன்று பிள்ளைகளை வைத்துப் பார்த்தார். ஒருத்தி அழுதாள், ஒருவன் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலைச் சொன்னான், மூன்றாமவன் தப்பு செய்துவிட்டுத் திருந்த மறுத்தான்.

அப்போதுதான் வராந்தாவில் மரிவிக்குக்குப் பக்கத்தில் நின்று மீன்தொட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லிகாயா அம்மையாரின் கண்ணில் பட்டாள்.

"சார், உங்க பொண்ணுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னீங்கல்ல?"

வரும் என்றான் கிறிசாந்தோ.

"அப்ப தப்பை நம்பிக் குடுக்கலாம்," என்றார் அம்மையார்.

அவள் இந்தப் பள்ளி மாணவியே இல்லையே என்று கிறிசாந்தோ சொல்லிப் பார்த்தான். அதில் சிக்கல் இல்லை என்றார் குவோக். சீருடை இருக்கிறது, சிவப்புக் கழுத்துத் துணி இருக்கிறது, நாற்காலியும் காலியாக இருக்கிறது. சிக்கல் பெயரில்தான். எந்த இருக்கையில் யார் என்ற பட்டியல் முத்திரை குத்தி மாகாணத்துக்குப் போய்விட்டது, முத்திரை விழுந்த பெயரை மாற்ற முடியாது. ஆகவே அந்த ஒரு நாள் மட்டும் லிகாயாவின் பெயர் காங். காங் ஆண்பிள்ளைப் பெயராயிற்றே என்றான் கிறிசாந்தோ. படிவத்தில் ஆணா பெண்ணா என்ற கட்டம் கிடையாது, நான் பார்த்துவிட்டேன் என்றார் குவோக்.

அன்று சாயந்தரம் தங்கியிருந்த அறையில் பயிற்சி நடந்தது. மரிவிக் பன்றி இறைச்சியைப் புளிப்பாகச் சமைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஆறு வருஷம் போன்ல சரியா சொல்லிக் குடுத்தீங்க. நேர்ல வந்ததும் தப்பு சொல்லிக் குடுக்கறீங்க. நல்லா இருக்குய்யா உங்க உத்தியோகம்."

லிகாயாதான் அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். "இது காங் சொல்ற தப்பும்மா. நான் சொல்லல," என்றாள். பிறகு பதினாறு தடவை சொல்லிக் காட்டினாள். காங் என்று கூப்பிட்டால் எழுந்து நின்று மரத்தில் என்பாள், மூன்று நொடி கண்ணை உருட்டுவாள், தண்ணீரில் என்பாள். பதினாறும் கச்சிதம். இதைச் சரியாகச் செய்தால் நாம் இங்கேயே இருக்கலாமா என்று ஒரு தடவை கேட்டாள். இருக்கலாம் என்றான்.

குழு காலை எட்டு மணிக்கு வந்தது. ஐந்து பேர். தலைவர் திரு. வின் இளமையில் ரஷ்ய மொழி படித்தவர். ரஷ்ய மொழிக்குக் கிராக்கி போனதும் இங்கிலீஷுக்கு மேற்பார்வையாளராக்கிவிட்டார்கள். படிவத்தை நன்றாக அறிந்தவர். மற்ற நால்வரில் மூவர் தலைவரைப் பார்த்து எழுதுபவர்கள். கடைசி நாற்காலியில் ஓர் இளம்பெண், அந்த வருஷம்தான் பணியில் சேர்ந்தவள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னார்கள்.

கிறிசாந்தோ ஆரம்பித்தான். நாற்பத்திரண்டாவது தடவை. நாலாவது நிமிஷம் ஆச்சரியப்பட்டான். பதினோராவது நிமிஷம் எதிர்பாராத கேள்வி வந்தது, ஐந்து நொடி யோசித்துப் பதில் சொன்னான். இருபத்து மூன்றில் சாக்பீஸ் விழுந்தது, வகுப்பு ஆறு நொடி சிரித்து நிறுத்தியது. திரு. வின் தலையாட்டிக்கொண்டே எழுதினார். வாசலில் நின்ற குவோக் உதட்டசைவில் கூடவே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார்சைக்கிள் மேட்டிலிருந்து இறங்குவதுபோல் எல்லாம் தானாக ஓடியது. கிறிசாந்தோவுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதுதான் வினையாயிற்று.

இருபத்தெட்டாவது நிமிஷம். தங்கமீன் எங்கே வாழும் என்று கேட்டான். முப்பது கைகள் உயர்ந்தன. மூன்றாம் வரிசையில், ஒரு அளவு பெரிய சீருடையில், காதுவரை கழுத்துத் துணி கட்டி, மகள் வலது கையைத் தூக்கியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை ஒரு வகுப்பறையில் பார்க்க அவன் ஆறு வருஷம் காத்திருந்தான். பார்த்தவுடன் நெஞ்சு நெகிழ்ந்தது, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"லிகா, நீ சொல்லு."

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் அவள் அவளாகவே எழுந்து நின்றாள். போனில் சொல்வதுபோலப் பட்டென்று சொன்னாள்.

"தண்ணியில."

கிறிசாந்தோவின் காது அதைக் கேட்டது. ஆனால் அவன் வாய் நாற்பத்தோரு தடவை பழகிய வாய். காதைக் கலந்துகொள்ளாமல், புன்னகையோடு, பொறுமையோடு, அது தன் கடமையைச் செய்தது.

"இல்ல. மறுபடி யோசி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. குவோக்கின் உதடு அசைவதை நிறுத்திவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளையும் அசையவில்லை, அடுத்து தாங்கள் கைதட்ட வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லிகாயா அப்பாவைப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பேரைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. அவள் மூன்று நொடி யோசித்தாள், இந்தத் தடவை உண்மையாகவே யோசித்தாள். அப்பாவைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தாள்.

"மரத்துல," என்றாள்.

கிறிசாந்தோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது "அருமை" என்று கேட்டது. மற்ற இருபத்தொன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள்.

திரு. வின் ஏழாம் கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். பக்கத்தில் இருந்த மூவரும் எட்டிப் பார்த்து ஐந்து என்று எழுதினார்கள். கடைசி நாற்காலி இளம்பெண் மட்டும் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தாள், லிகாயாவைப் பார்த்தாள், பிறகு நாலு படிவங்களைப் பார்த்தாள். பேனா மூடியைக் கடித்தாள். அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு தகுதிகாண் பருவம் பாக்கி இருந்தது. அவளும் ஐந்து என்று எழுதினாள்.

பிறகு தலைமையாசிரியை அறையில் பழமும் தேநீருமாக மதிப்புரை நடந்தது. திரு. வின் எழுந்து, படிவத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் முப்பது வருஷமா வகுப்பு பார்க்கறேன். சாதாரணமா வாத்தியாருங்க பிள்ளை மொதல்ல சொல்றதையே ஒத்துக்கிட்டுப் போயிடறாங்க. அது சோம்பல். இவரு ஒத்துக்கல. மறுபடி யோசின்னாரு. அந்தப் பையன் காங்கும் தன்னோட முதல் கருத்த விட்டுட்டு, வாத்தியார் என்ன எதிர்பார்க்கறாருன்னு அவரு முகத்தப் பார்த்தே கண்டுபிடிச்சான் பாருங்க. கல்விங்கறது அதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த வகுப்பைப் படமெடுத்து மாகாணத்தில் எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று திரு. வின் கேட்டுக்கொண்டார். மிகச் சிறப்பு பெற்ற பாடத்தில் கைவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. குவோக் கோப்பைத் திறந்து, தங்கமீன் பற்றி உயிரியல் ஆசிரியர் எழுதிக்கொடுத்திருந்த காகிதத்தை மெல்ல உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தியெப் அம்மையார் கிறிசாந்தோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, வீட்டுச் சாவியை அதில் வைத்தார்.

"சொன்னேன்ல சார். பார்க்க முடியறத சுத்தமா வெச்சுக்கிட்டா போதும்."

கிறிசாந்தோவுக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது, அவனுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். டிக்கெட்டைக் கிழித்துவிடலாம். ஆறு வருஷம் முடிந்தது. ஆனால் சாவியைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனான்.

லிகாயா வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் மடித்து வைத்திருந்தாள். அவன் முன்னால் போய்க் குனிந்து, நாம் இனி இங்கேதான், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன் என்றான். அவள் சிரித்தாள். எழுந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"பசிக்குதா, லிகா?"

லிகாயா நின்றாள். வராந்தாவின் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி, குரலைத் தாழ்த்தி, அவனிடம் கேட்டாள்.

"மொதல்ல தப்பா சொல்லணுமாப்பா?"